மார்கழிக்கு முன், அத்தையின் போனோடு

டிசம்பர் 12, வெள்ளி. யோங் பெங்

காலையிலிருந்து மழை. துவைத்த துணி காயவில்லை. கார் டயருக்குக் காற்று அடித்தாயிற்று.

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. டைரி எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. பேசத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது. எனக்கு வாய் வராது. அதனால் இது.

மாலை அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. ஜொகூர் பாருவிலிருந்து பஸ், இரண்டு பெட்டி நிறையக் கல்யாணக் கார்டு, ஒரு வெள்ளித் தட்டு. தை மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. அதற்குள் எல்லா வீட்டுக்கும் நேரில் போய்த் தட்டு வைத்து அழைத்துவிட வேண்டும். மாமாவுக்கும் மகனுக்கும் சிங்கப்பூரில் வேலை, லீவு இல்லை. கார் ஓட்ட நான்.

"நீ சும்மாதானே இருக்க பாப்பா. அத்த கூட நாலு வீட்டுக்கு வந்தா கொறஞ்சா போயிடுவ?"

சும்மா இல்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஆய்வகத்தில் என் ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. பினாங்கில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலைக் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலம் புரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லதுதான் மா. அக்கா வருது இல்ல, ஒரு வார்த்த கேட்டுக்குவோம்."

அம்மா இறந்ததிலிருந்து பெரிய விஷயம் எல்லாம் அத்தையைக் கேட்டுத்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆனால் கேட்க வேண்டிய ஆள் அத்தை. அத்தை கேட்பதோ போனை.

வந்ததிலிருந்து போனைக் கொண்டு அவர் செய்தவை: ராகு காலம் பார்த்தது. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று சிரம்பானில் யாரையோ கேட்டது. சாமி படத்துக்கு முன்னால் மணியடிக்கும் ஓசை போட்டது. கண்ணாடிக்குப் பதில் கேமராவைப் பெரிதாக்கி அரிசியில் கல் பொறுக்கியது. ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போது, மழை பெய்யுமா என்று பார்த்தது.

போக வேண்டிய வீடுகளும் போனில்தான். ஆள் பெயரை விட அடையாளம் பெரிது. "கோத்தா திங்கி மாடி வீடு." "பெக்கோக் மீன் வேன்." "பெக்கோக் நாய் ரெண்டு." பக்கத்தில் சின்னதாகப் பெயர். முன்கூட்டியே எழுதக்கூடாதாம், கடைசி நேரத்தில் ஆள் மாறுவார்களாம். வாசலில் கார் நின்றதும் அத்தை போனைப் பார்த்துச் சொல்வார், நான் கார்டில் எழுத வேண்டும். என் கையெழுத்து அழகாம்.

டிசம்பர் 13, சனி. கோத்தா திங்கி

மழை விட்டு விட்டு. குளுவாங் வழி. இரண்டு பக்கமும் செம்பனை. அத்தை முன் சீட்டில், மடியில் தட்டு. போன் எனக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒட்டி வைத்திருக்கிறது. திரும்பு, நேரே போ என்று ஒரு பெண் குரல்.

"இந்தப் பக்கம் குறுக்கு வழி இருக்கு அத்தை."

"அந்தப் பொண்ணு சொல்றத கேளு பாப்பா. அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது."

குரல் சொன்ன வழியே போனோம். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம்.

கோத்தா திங்கி ஆறு கரை தொட்டு ஓடுகிறது, பால் ஊற்றாத டீ நிறம். கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கார்டு கொடுத்த வீடுகளில் ஒரே கேள்வி. "இதுக்கு எப்போ?" இது என்றால் நான். அத்தை சிரிப்பார். நான் தட்டைப் பார்ப்பேன்.

பிறகு கோயில். திட்டத்தில் இல்லை. அத்தை திடீரென்று, "வந்தது வந்தோம், கும்புட்டுட்டு போலாம்" என்றார். உள்ளே நுழைகிறோம், எதிரே பட்டுச் சேலையில் ஓர் அம்மா, கூட மகள்.

"அட கமலா, நீ எங்க இங்க?" அத்தை.

"சும்மா சாமி கும்புட வந்தோம் அக்கா. நீங்களும் வந்துட்டீங்க பாருங்க."

குளுவாங்கிலிருந்து. இந்த மழையில். சும்மா.

கமலா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகள் பிராகாரம் சுற்றுவதுபோல் என்னைச் சுற்றினாள். பின்னால் நின்று சடையைத் தொட்டாள்.

"சொந்த முடியா?"

"ம்."

"பேசாதோ?" என்றாள் அத்தையிடம்.

"அதெல்லாம் வீட்டுல பேசும்" என்றார் அத்தை. "பெரியவங்க முன்னாடி வாய் தொறக்காது. அப்படி வளத்திருக்கோம்."

படம் எடுத்தார்கள். என்னை நடுவில் நிற்க வைத்து. வெளிச்சம் போதவில்லை என்று மீண்டும், சன்னதிக்கு முதுகு காட்டி.

திரும்பும் வழியில், குளுவாங் தாண்டி, போனில் வரைபடத்தின் மேல் ஒரு செய்தி இறங்கியது. ஓட்டிக்கொண்டே படித்துவிட்டேன். கமலா அம்மா.

"லொக்கேஷன் போட்டு விட்டது வசதியா இருந்துச்சு அக்கா. நாளைக்கு பெக்கோக்குலயும் அதே மாதிரி போட்டு விடுங்க. பையனைக் கூட்டிட்டு வந்துடுறோம். பொண்ணு கொஞ்சம் கறுப்புதான். பரவால்ல."

அத்தை கை நீட்டி அதைத் தள்ளிவிட்டார்.

"என்னமோ விளம்பரம் லா."

விளம்பரம்தான். நான் காலையிலிருந்து விளம்பரத்துக்கு வண்டி ஓட்டுகிறேன்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் அத்தை போனை வாயருகே வைத்து, கமலா அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். குழாயைச் சத்தமில்லாமல் மூடினேன்.

"பினாங்கு வேலையெல்லாம் சும்மா பேச்சு கமலா. நீ அதப் பத்தி கவலப்படாத. விடுன்னா விட்டுடும். அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டேன், சரின்னுடுச்சு. மார்கழிக்கு முன்னாடி வெத்தல மாத்திக்கலாம்."

கேட்டுட்டேன். சரின்னுடுச்சு.

என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. நான் சரி சொல்லவில்லை. என் வாயிலிருந்து வராத ஒரு "சரி" இந்நேரம் குளுவாங்கில் ஒரு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி ஓடிக்கொண்டிருக்கும்.

பாத்திரத்தைக் கழுவி முடித்தேன். அத்தை உள்ளே வந்து, "அந்தக் கத்திரிப்பூ கலர் சேலைய நாளைக்குக் கட்டிக்க பாப்பா, உனக்கு எடுப்பா இருக்கும்" என்றார். சரி என்றேன். இந்தச் சரி நான் சொன்னதுதான்.

அத்தையின் போனுக்கு என்ன செய்யலாம்:

ஆற்றில் போடலாம். (ஆறு இங்கே இல்லை.)

மொழியைச் சீனத்துக்கு மாற்றலாம்.

என் படத்தை எல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் அவர் தூங்கும்போது வாய் திறந்திருக்கும் படம்.

ரச அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்து போகலாம்.

எல்லாம் சின்னப் பிள்ளை வேலை. எனக்கு வேண்டியது வேறு. அத்தையின் முகம் ஒரு முறை, ஒரே முறை, என் முகம் கோயிலில் இருந்த மாதிரி ஆக வேண்டும். சுற்றி ஆள்கள் நிற்க, என்ன சொல்வதென்று தெரியாமல். அதை நான் பார்க்க வேண்டும்.

இப்படியெல்லாம் நினைப்பேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதுதான் வசதி.

டிசம்பர் 14, ஞாயிறு. பெக்கோக்

வெயில். நேற்றைய மழைக்கு ரோடெல்லாம் செம்மண் சேறு. கத்திரிப்பூ சேலை. பின்னூசி குத்தி இடுப்பில் ரத்தம்.

கிளம்பும்போதே அத்தை போனில் எதையோ தட்டினார். மேலே சின்ன அம்புக்குறி. லொக்கேஷன் போய்க்கொண்டிருக்கிறது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

முதல் வீடு மணியம் மாமா. அத்தைக்குக் கொழுந்தன் முறை. வேனில் மீன் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், நல்ல வியாபாரம். வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது, ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி காற்றில் மரம் விழுந்து அந்த வரிசைக்கே கரண்ட் இல்லை.

தட்டு வைத்தோம். கும்பிட்டார்கள். அத்தை போனைப் பார்த்தார். சார்ஜ் கடைசிக் கோட்டில்.

"அலமாக், சார்ஜ் போச்சு. கரண்டும் இல்லயே."

"வேன்ல போடு லா அண்ணி. எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார் மணியம் மாமா.

அத்தை போனை என்னிடம் நீட்டினார். "போட்டுட்டு வா பாப்பா. எதையும் தொட்டுடாத. அணைச்சிடாத. அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கட்டும்.

போய்ச் செருகினேன். டேஷ்போர்டில் விநாயகருக்குப் பக்கத்தில் வைத்தேன். மரியாதைக்காக அத்தை முன்பே சத்தத்தை அணைத்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தேன். மணியம் மாமாவின் மனைவி மைலோ கொடுத்தார். அத்தை மண்டபச் சாப்பாடு பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார், அது லேசில் முடியாது.

மணியம் மாமா வாசலில் தலையை நீட்டினார். "நான் கெளம்புறேன். ரெண்டு தோட்டம் போட்டுட்டு வந்துருவேன். சாப்டுட்டுதான் போவணும், சொல்லிட்டேன்."

"போய்ட்டு வாங்க தம்பி" என்றார் அத்தை.

வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தது நான்தான். வேன் பின்னால் வந்து, திரும்பி, ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மைலோ ரொம்பத் தித்திப்பு. முழுசும் குடித்தேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னை அப்படித்தானே வளர்த்தார்கள்.

அத்தைக்கு ஞாபகம் வந்தபோது வேன் எங்கேயோ.

"பாப்பா, போனு?"

"வேன்ல அத்தை."

அந்த முகம். முதல் தவணை.

மணியம் மாமாவின் மனைவி தன் போனில் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் எடுக்கவில்லை. "மீன் வெட்டுற கையால எடுக்க மாட்டாரு அண்ணி. வந்துருவாரு, விடுங்க."

"ஒரு ஆளுக்கு அவசரமா சொல்லணும்" என்றார் அத்தை.

"நம்பர் சொல்லுங்க, இதுல அடிக்கலாம்."

அத்தைக்குக் கமலா அம்மாவின் நம்பர் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் மாமாவின் நம்பர் கேட்டதற்கு முதல் மூன்று எண் மட்டும் வந்தது. கட்டை விரல் மட்டும் மடியில் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது. இரக்கம் வருகிறதா என்று எனக்குள் பார்த்தேன். வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வீட்டை முடித்துவிடலாம் என்றார். "நாய் ரெண்டு" வீடு. மணியம் மாமாவின் மனைவி வழி சொன்னார், பக்கத்துச் சந்துதான், நடந்தே போனோம். நாய்கள் குரைத்தன. பெரியவர் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார், அவர் மனைவி, மருமகள், எல்லோரும் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். கார்டு என் கையில். மேலே பெயர் எழுத வேண்டிய கோடு வெறுமையாக.

அத்தை என்னைப் பார்த்தார். பெயர் போனில் இருக்கிறது. போன் மீனோடு இருக்கிறது. வீட்டுக்காரரையே உங்கள் பெயர் என்ன என்று கேட்க முடியுமா. பெரிய மாமியார் பக்கத்துச் சொந்தம், போன கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டவர்.

சுப்பையா. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே போனில் படித்திருந்தேன்.

"பாப்பா, பேரு எழுதிட்டல்ல?"

"நீங்க சொல்லலையே அத்தை."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடக்கமாக. பெரியவர் காத்திருந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கடைசியில் அப்படியே தட்டில் வைத்து நீட்டினார்.

பெரியவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு இல்லையே மா."

"அது... நம்ம வீடுதானே, பேரு எழுதியா கூப்புடணும்..."

"நம்ம வீட்டுக்குத்தான் மொதல்ல எழுதுவாங்க." சத்தம் போடவில்லை. தட்டிலிருந்து வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். "மிச்சம் விழுந்த கார்டு போல. சரி, வையுங்க."

அவர் மனைவி டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. மருமகள் உள்ளே போய்விட்டாள். அத்தை நின்றார். சுற்றி ஆள்கள், என்ன சொல்வதென்று தெரியாமல்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நேற்று கேட்டது கிடைத்துவிட்டது.

(பெரியவருக்கு அப்படி ஆகியிருக்க வேண்டாம். அவர் ஒன்றும் செய்யவில்லை. இது மட்டும் உறுத்துகிறது. தனியாக ஒரு கார்டில் பெயர் எழுதித் தபாலில் போட வேண்டும்.)

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணியம் மாமா வந்தார். வாசலிலேயே சிரிப்பு.

"அண்ணி, இன்னிக்கு ஒரு கூத்து. தோட்டத்து மண்ணு ரோட்டுல ஒரு வெள்ளக் காரு என் பின்னாடியே வருது. நான் நிறுத்துனா நிறுத்துது, நான் போனா வருது. லைசென்ஸ் பாக்குற ஆளுங்களோன்னு பயந்துட்டேன். கடசில பட்டுச் சேல கட்டுன ஒரு அம்மா எறங்கி, சேத்துல செருப்பு மாட்டிக்கிச்சு, ஒத்தக் காலோட வந்து என்னக் கேக்குது, 'பொண்ணு எங்க'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" அவர் மனைவி.

"என்ன சொல்ல. செலார் மீனு இருக்கு, கெம்போங் மீனு இருக்கு, பொண்ணு விக்கிறதில்லைன்னேன். அது என்னத் திட்டுது பாரு. நாலு வீட்டு லயத்து ஆளுங்களும் வந்து வேடிக்க. கூட ஒரு பையன், பாவம், மூஞ்சி செவந்து போச்சு. அவன் மட்டும் ரெண்டு கிலோ கெம்போங் வாங்குனான். மிச்சக் காசு கூட வாங்கல, ஓடிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. அத்தை மட்டும் போனை வாங்கி, வந்து குவிந்திருந்ததை எல்லாம் கீழே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். போனில் மீன் வாடை.

திரும்பும் வழியில் பெண் குரல் மட்டும் திரும்பச் சொன்னது. நான் என் குறுக்கு வழியில் போனேன். அத்தை தடுக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள். யோங் பெங்

மூடாப்பு. மழை இன்னும் இல்லை.

காலை எழுந்ததும் பினாங்குக்குப் பதில் அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று. யாரையும் கேட்கவில்லை. பிறகு பல் தேய்த்தேன்.

அத்தைக்கு மத்தியானம் பஸ். அப்பா காவல் வேலை முடிந்து வந்து, சீருடையைக் கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். கமலா அம்மா நேற்றே அப்பாவுக்கும் போன் செய்து கத்தியிருக்கிறார். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

அத்தை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பதில் கூடத் தயார். ராத்திரி முழுக்க யோசித்த பதில். திட்டவில்லை.

"இதுக்கு என்ன தெரியும் தம்பி. வேன்ல போட சொன்னேன், போட்டுச்சு. வேன் போவுதுன்னு வந்து சொல்லத் தெரியல. வெவரம் பத்தாத புள்ள. படிச்சு என்ன, வாய் வேணும் இல்ல."

என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். பாசமாகத்தான்.

அப்பா: "கமலாவுக்கு என்ன சொல்றது கா?"

"என்னத்த சொல்ல. ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடுவேன். ஜோசியரு வேணாம்னுட்டாருன்னா அவளுக்கும் கோவம் கொறயும், நமக்கும் கெட்ட பேரு இல்ல. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம். தைல வேற எடம் பாப்போம். அதுவரைக்கும் பினாங்குக்கு வேணா போயிட்டு வரட்டும்."

"சரிதான் கா" என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தோசையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

ஜாதகம். நான் கூட இல்லை, ஜாதகம். என் பெயரில் ஒரு சரியைப் போட்டார்கள். இப்போது வேண்டாம் என்பதையும் ஒரு ஜோசியர் சொல்லிவிட்டுப் போகப் போகிறார். சேற்றில் செருப்பு மாட்டியது, மீன் வேன், பெயர் இல்லாத கார்டு, எல்லாம் வெறும் தற்செயல். நான் பட்டதும் செய்ததும் எங்கேயும் இல்லை. தையில் வேறொரு வீட்டில் வேறொருவர் என்னைச் சுற்றி வந்து சடையைத் தொடுவார்.

பழி வாங்கியது யார் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் அது என்ன பழி.

அத்தை போனை எடுத்து, வாயருகே வைத்து, கட்டை விரலை அழுத்தினார். "கமலா, கோவிச்சுக்காத மா. ஜோசியருகிட்ட நேத்து..."

எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் கட்டை விரல் போனில் அழுந்தியபடியே இருந்தது. என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்குமென்று எனக்கே தெரியாது.

"அத்தை, ஒன்னு கேக்குறேன். ஜாதகம்னு சொல்லாதீங்க. பொண்ணு வேணாம்னு சொல்லுச்சுன்னு சொல்லுங்க. யாரும் அதக் கேக்கவே இல்லன்னு சொல்லுங்க. வேன் கெளம்புறத அது பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்துச்சு, அதையும் சொல்லுங்க."